மண்வீட்டை முதலில் நாம் கட்டுவோம்

பொருநைக்கரையில் பிறந்து எழுதவந்தவர்கள் ஒருமுறையேனும் ஓட்டுவீட்டுக்காகக் கண்ணீர் சிந்தியிருப்போம். பனங்கையும் செம்மண் சுவரும் திண்ணையும் நம் கதைகளில் நிற்கின்றன. நாம் குடியிருப்பதோ ஆற்றுமணலில் எழுந்த கான்கிரீட்டில். நான் பாடம் நடத்தும் வகுப்பறையும் அத்தகையதே. அந்த மணலுக்காகத் தாமிரபரணி தோண்டப்பட்டபோது, 2010இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தாமே வாதாடி ஐந்தாண்டுத் தடை பெற்றவர் தோழர் நல்லகண்ணு. அப்போது அவருக்கு வயது 85. நம் கண்ணீர் அங்கே சாட்சி சொல்லக்கூடப் போகவில்லை.

அரசுகளைப் பார்ப்போம். 2011இல் ‘பசுமை வீடு’ திட்டம் வந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். பசுமை சூரிய விளக்கோடு நின்றது. சுவரும் கூரையும் வழக்கமான செங்கல், சிமெண்ட், கம்பி. 2024இல் ‘கலைஞரின் கனவு இல்லம்’: 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஆட்சி மாறியது, மதிப்பீடு மாறவில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் வருவது.

“2023 டிசம்பர் வெள்ளத்தில் மண்சுவர்கள் கரைந்ததை மறந்தீரோ?” என்று நண்பர்கள் கேட்கலாம். மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டிய மழை அது. ஏழையை வெறும் மண்சுவருக்குள் விட்டுவிட்டு அதற்கு மரபு என்று பெயர்சூட்டுவது கயமை. நான் கேட்பது கல் அடித்தளம், நீண்ட இறவாரம், சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல். ஆரோவில்லில் அத்தகைய கற்களால் மாடிக் கட்டடங்களே நிற்கின்றன.

பொதிகைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டி, ஏறத்தாழக் கால்பங்கு கல்லை மிச்சப்படுத்தினார் லாரி பேக்கர். கூரைக் கான்கிரீட்டில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் குறைத்தார். இந்தச் சிக்கனத்தை அவர் ஏழைகளுக்கு மட்டும் விதிக்கவில்லை. 1970களில் அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தையும் அதே கொள்கையில் கட்டினார். பொருளியல் அறிஞர்கள் அமர்ந்து படிக்கும் சுவரை வறுமையின் சுவர் என்று எவரும் சொல்வதில்லை.

நம் ஊரில் மண் இழிவானது, அதை ஏழைக்கு மட்டும் ஒதுக்கியதால். கான்கிரீட் கேட்பவர் பேதையல்லர். அவர் கேட்பது மரியாதை. ஆகவே மாற்றுக் கட்டுமானம் முதலில் நம் கல்லூரிகளிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் நாம் வங்கிக்கடனில் வாங்கிய மனைகளிலும் எழட்டும். பிறகு அரசின் வீட்டுத் திட்ட மதிப்பீட்டில் ஏறட்டும். அதுவரை ஓட்டுவீட்டு ஒப்பாரியை நிறுத்திவைப்போம்.