டேட்டாவைச் சுருக்கித் தரும் இடைத்தரகர்

 

நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒன்றரை ஜி.பி. டேட்டா மஃரிபுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது; அதனைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகக் கூறும் செயலிகளைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் காத்திவாக்கத் தாய்மார்கள் நம்மிடம் வினவுகின்றனர். நியாயமான வினாவே. 2024 ஜூலையில் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, ஜியோவில் 28 நாட்களுக்கு 239 ரூபாயாக இருந்த ஒன்றரை ஜி.பி. திட்டம் 299 ரூபாயாயிற்று. வீட்டில் மூன்று கைபேசிகள் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அன்றைய அளவு தீர்ந்தபின் நெட் ஊர்ந்து செல்லும். குவைத்திலிருக்கும் கணவர் பணி முடிந்து இரவில் அழைக்கும் வேளையில், அவர் முகம் திரையில் அசையாது நின்றுவிடும்.

எனவே அச்செயலிகள் செய்வதென்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றுள் ஒன்றை வழியிலுள்ள ஒரு கூடத்தில் நிறுத்தித் திறந்து, வீணான அட்டைகளை அகற்றி, பொருள்களை நெருக்கி அடுக்கி, ஒரு சிறிய வண்டியில் ஏற்றி உங்கள் வாசலுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'பிராக்ஸி' என்னும் இடைக்கணினி செய்வது இதுவே. நீங்கள் கேட்ட பக்கம் நேராக உங்களிடம் வருவதில்லை. முதலில் அந்த இடைக்கணினிக்குச் செல்கிறது. அது படங்களின் கனத்தைக் குறைத்து, எழுத்துகளைச் சுருக்கி, மீதியை உங்களுக்கு அனுப்புகிறது.

இது பயனற்ற ஏற்பாடு என்று கூறிவிட இயலாது. நார்வே நாட்டின் ஓபரா நிறுவனம் 2006-இல் உலகெங்கும் அளித்த ஓபரா மினி, பொத்தான் கைபேசிகளும் மெதுவான 2ஜி அலையும் இருந்த அக்காலத்தில் ஏழை நாடுகளுக்கெல்லாம் இணையத்தின் வாயிலைத் திறந்தது. ஒரு பக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகக் கூட அது சுருக்கிற்று. கூகுள் நிறுவனமும் 2014-இல் தன் குரோம் உலாவியில் இவ்வசதியைச் சேர்த்தது. எனினும் 2022 மார்ச்சில் அதனை நிறுத்திவிட்டது. பல நாடுகளில் டேட்டாவின் விலை இறங்கிவிட்டது என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. 2016-இல் ஜியோ வந்தபின் இந்தியாவிலும் இறங்கியது உண்மைதான். அதன் பின்னர் ஏறியதை அவர்கள் பொருட்படுத்தவில்லை போலும்!

ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. அதுவே நமக்கு முக்கியமானது. இன்று பெரும்பாலான இணையப் பக்கங்கள் கண்டெய்னரைப் போலவே முத்திரையிடப்பட்டு வருகின்றன. முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று இருப்பது அந்த முத்திரையின் அடையாளம். முத்திரையை உடைக்காமல் உள்ளிருப்பதை யாரும் நெருக்கி அடுக்க இயலுமா? சற்றே சிந்தியுங்கள். சுருக்க வேண்டுமானால் இடையில் இருப்பவர் திறந்தே ஆகவேண்டும். ஓபரா மினியின் மிகுதியாகச் சுருக்கும் முறையில் பக்கங்கள் அந்நிறுவனத்தின் கணினியில்தான் திறக்கப்படுகின்றன. செய்தி படிப்பதற்கு அது போதும். வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கு அது தகாது.

ஓபராவாவது பெயர் அறிந்த நிறுவனம். மற்றவர்களின் கதையைக் கேளுங்கள். ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனம் டேட்டாவைச் சுருக்கும் செயலியால் பெயர் பெற்றது. 2013-இல் ஃபேஸ்புக் அதனை வாங்கியது. பின்னர் 'ஒனாவோ புரொடெக்ட்' என்ற செயலியை, உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்று கூறியே மக்களிடம் பரப்பினர். மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகின்றனர் என்பது அதன் வழியே ஃபேஸ்புக்குக்குத் தெரிந்துகொண்டிருந்தது. 2019-இல் அச்செயலி மூடப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்தின் கிளைகளுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டில் டேட்டா சேமிப்புக்கென்றே பலர் விரும்பிய யு.சி. பிரவுசர், பயனர்களின் இருப்பிடத்தையும் தேடல் சொற்களையும் சரியான பூட்டின்றி வெளியே கசியவிட்டதைக் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் 2015-இல் வெளிப்படுத்தியது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று.

பிறர் வீட்டுக் கடிதத்தைப் பிரிப்பதை நம் வீட்டுச் சிறுவன் செய்தாலும் கண்டிக்கிறோம். பெயர் தெரியாத ஒருவருக்கு அந்த உரிமையை நாமே எழுதிக் கொடுப்பதா? அதுவும் எவ்வளவு மிச்சத்துக்காக! நம் ஒன்றரை ஜி.பி.யில் பெரும் பங்கை விழுங்குவது எழுத்தன்று, வீடியோ. அது ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. மேலும் இறுக்கினால் படம்தான் மங்கும்.

படம் மங்கினால் பரவாயில்லை எனில், அதற்கு இடைத்தரகர் எதற்கு? யூடியூபில் தரத்தை நீங்களே 360 என்று வைத்துக்கொள்ளலாம். 1080 தரத்தில் ஒரு படச்சட்டத்திலுள்ள புள்ளிகள், 360 தரத்தில் உள்ளவற்றைப் போல் 9 மடங்கு. பிள்ளைகள் பாடம் கேட்பதற்கு 360 போதும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதைத் தடுத்துவிட்டால், உறவினர் குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கப் படங்களின் பாரம் நீங்கும். அதே இடத்தில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா போதும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. குவைத்திலிருந்து வரும் அழைப்புக்கு அது உதவும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2016 முதல் 'டேட்டா சேவர்' என்ற வசதி உள்ளது. இது எதனையும் திறந்து பார்ப்பதன்று. நீங்கள் பார்க்காதபோது பின்னால் இருந்து டேட்டாவை உறிஞ்சும் செயலிகளை அடக்கிவைப்பது மட்டுமே.

முன்னரே ஏதேனும் சுருக்கும் செயலியை ஏற்றியிருப்பவர்கள் திரையின் மேல்முனையில் சிறு சாவிக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் கைபேசியின் போக்குவரத்து வேறொரு வழியாகச் செல்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் வி.பி.என். என்ற பகுதியைத் திறந்தால் அதன் பெயர் இருக்கும். செயலியை நீக்கிய பின்னும் அப்பெயர் அங்கே நின்றால், அதனையும் அழித்துவிடுங்கள்.