மானுக்கு பிராண்ட் தெரியாது!

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சுதான்: மான் வேட்டை சீஸன். மிச்சிகனில் ஆண்டுதோறும் நவம்பர் 15-ம் தேதி துப்பாக்கி வேட்டை தொடங்கும். வட பகுதியில் சில ஊர்களில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் திருவிழா மாதிரி நடக்கும்.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கே அப்படி இல்லை. லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒருவர் எத்தனை மான் சுடலாம் என்பதற்கு வரம்பு உண்டு, சுட்டதன் இறைச்சி வீட்டு ஃப்ரீஸருக்குப் போகும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகிற குடும்ப வழக்கம் அது. கார் தொழிற்சாலைகளை நம்பி டெட்ராய்ட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும், “இந்த வருஷம் எங்ககூட வர்றீங்களா?” என்று அலுவலக நண்பரிடமிருந்து அழைப்பு வருவது உண்டு. போவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். போவதென்று முடிவானால், வீட்டில் எழும் முதல் கேள்வி: “என்ன போட்டுக்கிட்டுப் போவீங்க? அதுக்கு எவ்வளவு ஆகும்?”

ஒரே ஜாக்கெட், பத்து மடங்கு விலை

கடைக்குப் போனால் இரண்டு உலகங்கள் தெரியும். வால்மார்ட் மாதிரியான கடையில், இலையும் கிளையும் அச்சடித்த ஜாக்கெட் ஒன்று 40, 50 டாலருக்குத் தொங்கும். சிட்கா, குயூ, ஃபர்ஸ்ட் லைட் போன்ற உயர்ரக பிராண்டுகளில் ஒரு ஜாக்கெட்டே 300 டாலரைத் தாண்டும். உள்ளாடையிலிருந்து தொப்பி வரை ஒரே பிராண்டில் வாங்கினால் 1,000 டாலர் சர்வசாதாரணமாகப் போய்விடும். நம் பணத்தில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். வருடத்தில் இரண்டு சனிக்கிழமை போட்டுக்கொள்ளப் போகிற உடைக்கு!

இந்த விலை வித்தியாசம் முழுக்க ஏமாற்று வேலையும் இல்லை. முழுக்க நியாயமும் இல்லை. எது எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

வேட்டைக்கென்று தனி உடை பிராண்டுகள் பெருகியது சமீப காலத்தில்தான். 1830-ல் பென்சில்வேனியாவில் தொடங்கிய வுல்ரிச் நிறுவனத்தின் சிவப்பு-கறுப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு, பல தலைமுறை வேட்டைக்காரர்களின் சீருடையாக இருந்தது. மரப்பட்டையையும் இலையையும் அச்சடித்த துணியைப் பிரபலமாக்கிய ரியல்ட்ரீ, மாஸி ஓக் என்ற இரண்டு நிறுவனங்களும் 1986-ல்தான் தொடங்கின. மலையேறுபவர்கள் உடுத்துகிற நுட்பமான துணிகளை வேட்டைக்குக் கொண்டுவந்தது சிட்கா. கோர்-டெக்ஸ் துணியைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் 2009-ல் அதை வாங்கியது. சிட்காவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேசன் ஹேர்ஸ்டன், பிறகு குயூவை 2011-ல் தொடங்கினார். கடைக்காரருக்குக் கமிஷன் இல்லாமல் நேரடியாக ஆன்லைனில் விற்பது அவருடைய வழி. அப்படியும் அது மலிவான பிராண்ட் ஆகிவிடவில்லை.

காரணம், துணிதான். மழைநீரை உள்ளே விடாமல், உடம்பின் வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற மெல்லிய சவ்வு, தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியாதபடி உள்பக்கம் ஒட்டிய பட்டை, எடை குறைவு, நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடாத மேல்துணி. முதுகில் மூட்டையுடன் ராக்கி மலையில் ஏழெட்டு நாள் ஏறி இறங்குகிறவருக்கு இவை ஒவ்வொன்றும் உதவும். அங்கே நனைந்தால் ஓடிவந்து மாற்றிக்கொள்ள கார் இல்லை. ஆனால், கார் நிறுத்திய இடத்திலிருந்து அரை மைல் நடந்து, மரத்தடியில் காலையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவருக்கு? அவருக்கு அதில் பாதி தேவையே இல்லை.

மான் கண்ணுக்கு என்ன தெரியும்?

அதிக விலைக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம், ‘இந்த டிசைன் போட்டால் மானுக்கு உங்களைத் தெரியாது’ என்பது. மானின் கண்ணைப் பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்திருப்பதைப் பார்த்தால், அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

மனிதக் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து அதனால் சரியாகப் பிரித்தறிய முடியாது. நம் கண்ணைக் கூசவைக்கும் பளீர் ஆரஞ்சு, மானுக்கு மங்கலான ஒரு நிறம்தான். ஆனால், நீலத்தை அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும். அதனால் நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போவதுதான் தப்பு.

துணி துவைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. ‘வெள்ளை வெளேர்’ என்று விளம்பரப்படுத்தும் பல சலவைத்தூள்களில், துணியைப் பளிச்சென்று காட்டும் ரசாயனம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவதுதான் அதன் வேலை. 500 டாலர் ஜாக்கெட்டாக இருந்தாலும், அந்தத் தூளில் துவைத்தால் மான் கண்ணில் மினுங்கும். இந்த ரசாயனமும் வாசனையும் இல்லாத சலவைத்தூளில் துவைத்த பழைய பழுப்புச் சட்டை அதைவிட மேல்.

இதற்கெல்லாம் மேலாக, மான் நம்பியிருப்பது மூக்கையும் காதையும். காற்று நம்மிடமிருந்து மான் பக்கம் வீசினால் எந்த பிராண்டும் காப்பாற்றாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் இடம் பிடிப்பதும் காசு இல்லாமல் கிடைப்பவை.

குளிர்தான் உண்மையான எதிரி

அப்படியானால் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போகலாமா என்றால், கூடவே கூடாது. 1940 நவம்பர் 11 அன்று நடந்ததை மினசோட்டா மாநிலத்தில் இன்றும் சொல்கிறார்கள். அன்று விடுமுறை. நவம்பர் மாதத்துக்குப் பொருந்தாத இதமான காலை. வாத்து வேட்டைக்காரர்கள் மெல்லிய ஜாக்கெட்டோடு படகில் ஏறி மிசிசிப்பி ஆற்றின் தீவுகளுக்குப் போனார்கள். மதியத்துக்குள் மழை, சூறைக்காற்று, பனிப்புயல். வெப்பநிலை மளமளவென்று இறங்கியது. நனைந்த உடைகள் உடம்போடு உறைந்தன. திரும்பி வரப் படகைச் செலுத்த முடியவில்லை. அந்தப் புயலில் நாட்டின் நடுப்பகுதியில் இறந்தவர்கள் சுமார் 150 பேர். மினசோட்டாவில் இறந்த 49 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாத்து வேட்டைக்காரர்கள்.

உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுவதில் காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகம். நமக்கு மிகவும் பழக்கமான பருத்தித் துணி அங்கேதான் காலை வாரும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி அமிர்தம். வேர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும். அதே குணம் உறைபனியில் எமன். உறிஞ்சிய ஈரத்தை விடாமல் வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். பருத்தி பனியன், அதன்மேல் பருத்தி ஸ்வெட்ஷர்ட், கீழே ஜீன்ஸ் என்று கிளம்புவது நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கம்பளி தன் எடையில் 30 சதவிகிதம் வரை ஈர ஆவியை வாங்கிக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும். செயற்கை இழைத் துணி ஈரத்தை வாங்காது, சீக்கிரம் காயும்.

ஆகவே, பிராண்ட் பெயரைப் பார்ப்பதற்கு முன் காலரின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் படிக்க வேண்டும். என்ன துணி என்பது அதில்தான் இருக்கிறது.

சிக்கனமாக மூன்று அடுக்கு

ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் உண்மையான போர்வை.

முதல் அடுக்கு, உடம்போடு ஒட்டியது. பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. ஓட்டப்பயிற்சிக்கு வாங்கிய பாலியெஸ்டர் பனியன் வீட்டில் இருந்தால் அதுவே போதும். கால்களுக்கும் அதே மாதிரி உள்ளாடை வேண்டும்.

இரண்டாவது, ஃப்ளீஸ் ஜாக்கெட் அல்லது கம்பளி ஸ்வெட்டர். இதைப் புதிதாக வாங்கவே வேண்டாம். அமெரிக்காவில் பழைய துணி விற்கும் குட்வில் போன்ற கடைகளில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் சில டாலர்களுக்குக் கிடைக்கும். ராணுவத்தின் பழைய சரக்கை விற்கும் கடைகளில் கெட்டியான கம்பளிக் கால்சட்டைகள் கிடைக்கும். கம்பளியும் ஃப்ளீஸும் உரசினால் சத்தமும் வராது.

மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மேல்சட்டை. மலிவான மழைக்கோட்டு தண்ணீரைத் தடுக்கும். ஆனால் வேர்வையை வெளியே விடாது, சத்தமும் போடும். கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருப்பது இந்த ஒரு அடுக்கில்தான். அடிக்கடி மழையில் போகிறவர் இதில் மட்டும் நல்லதாக ஒன்று வாங்கலாம்.

இன்னொரு பழக்கம் காசில்லாமல் கைகொடுக்கும். நடந்து போகும்போது தடித்த ஜாக்கெட்டைப் பையில் வைத்திருந்து, இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டே நடந்தால் வேர்த்து உள்ளே ஈரமாகிவிடும். அப்புறம் நான்கு மணி நேரமும் நடுக்கம்தான்.

இதில் கை இறுக வேண்டாம்

சில சாமான்களில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முதலாவது, தண்ணீர் புகாத பூட்ஸும் கம்பளிக் காலுறையும். கால் உறைந்துபோனால் மற்ற எதுவும் பயன்படாது. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல் அசைகிற அளவில் வாங்க வேண்டும்.

இரண்டாவது, மரத்தில் பரண் கட்டி உட்காருகிறவருக்கு உடம்போடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை. பரணிலிருந்து விழுவது வேட்டைக் காலத்தின் பெரிய விபத்துகளில் ஒன்று. உடையில் மிச்சம் பிடித்த பணம் முதலில் இதற்குத்தான் போக வேண்டும். வேறொருவர் பல வருடம் பயன்படுத்திய பட்டையை வாங்கவே கூடாது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் விலை குறைந்தது: பளீர் ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும். 10, 15 டாலருக்கே கிடைத்துவிடும். மானுக்குத் தெரியாத இந்த நிறம், துப்பாக்கியோடு நிற்கும் இன்னொரு மனிதருக்குத் தூரத்திலேயே தெரியும். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டையின்போது இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது இந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் பளீர் இளஞ்சிவப்பும் அனுமதி. பென்சில்வேனியாவில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் தெரிய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் போகிற இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

வேட்டைக்கே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். நவம்பரில் பேரனைப் பார்க்க அங்கே போயிருக்கும் தாத்தா-பாட்டி, இலையுதிர் காட்டுப் பாதையில் காலாற நடக்க ஆசைப்பட்டால், ஆளுக்கு ஓர் ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு போகட்டும். குழந்தைக்கும் நாய்க்கும்கூடச் சின்ன அளவில் கிடைக்கிறது. பழுப்பு நிற ஸ்வெட்டரும் வெள்ளைத் தொப்பியும் அந்த மாதத்தில் காட்டுக்குள் ஆபத்தான சேர்க்கை. அந்த ஊர் மானின் உடம்பு பழுப்பு, வால் அடி வெள்ளை!

எப்போது வாங்கலாம்?

முதல் வருடம் எதையும் வாங்காமல், அழைத்த நண்பரிடமே கேட்டுப் பார்ப்பது உத்தமம். பல வீடுகளில் கூடுதலாக ஒரு ஜோடி தொங்கிக்கொண்டிருக்கும். பிடித்திருந்தால், சீஸன் முடிந்து கடைகளில் தள்ளுபடி தொடங்கும்போது வாங்கலாம். வளரும் பிள்ளைக்குப் புதிய பிராண்ட் உடை வாங்குவது, அடுத்த வருடமே கை நீளம் போதாமல் போவதற்குத்தான்.

ஏற்கெனவே விலை உயர்ந்த மழைச்சட்டை வைத்திருப்பவர்கள், தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் ஊறத் தொடங்கியதும், “போயிடுச்சு” என்று தூக்கி எறிய வேண்டாம். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தாலே அப்படி ஆகும். அதற்கென்று விற்கும் சோப்பில் துவைத்து, சீட்டில் சொன்னபடி டிரையரில் மிதமான சூட்டில் காயவைத்தால், பெரும்பாலும் பழைய குணம் திரும்பும்.

முதல் வருடக்காரர் ஒருவர் 150, 200 டாலருக்குள் பூட்ஸ் உட்பட எல்லாவற்றையும் சேர்த்துவிட முடியும். மீதிப் பணம் லைசென்ஸுக்கும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புக்கும் போகட்டும். அந்த வகுப்பில் கற்றுக்கொள்வதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.