குற்றம் சாட்டாத துக்கம்

மகனுடைய பாட்டுக்குத் தந்தை வாத்தியக் கோவை அமைத்துக் கொடுப்பது சங்கீத உலகில் அதிசயமான காரியம் அல்ல. ஆனால் நெடுநாள் காதலைப் பறிகொடுத்த மகன் அந்த இழப்பையே பாட்டாகப் பாடும்போது, அவனுடைய துக்கம் எந்த ஸ்வரத்தில் தொடங்கி எந்த ஸ்தாயிவரை ஏறவேண்டும் என்பதைத் தந்தையே தீர்மானிக்க நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது. அமெரிக்க ராக் பாடகர் பெக் 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ‘ஸீ சேஞ்ச்’ என்ற ஆல்பத்துக்கு வயலின் முதலிய தந்தி வாத்தியங்களின் பகுதிகளை எழுதியவர் அவருடைய தந்தை டேவிட் காம்ப்பெல்.

அதற்கு முன்பு பெக் வேறு மனிதர். ‘லூஸர்’ என்ற பாட்டால் பெயர் பெற்று, 1996இல் ‘ஓடிலே’யையும் 1999இல் ‘மிட்நைட் வல்ச்சர்ஸ்’ஸையும் தந்த அவர், ராப்பையும் நாட்டுப்பாட்டையும் பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகளையும் ஒன்றாகப் பிசைந்து, அர்த்தம் பிடிபடாமல் வழுக்கி ஓடும் சொற்களால் கேட்பவரைத் திகைக்க வைத்தவர். அப்படிப்பட்டவர், முப்பது வயது நிறையும் தறுவாயில், ஏறக்குறைய 9 ஆண்டு நீடித்த உறவு முறிந்தபோது, தம் சாதுர்யம் அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டுச் சிறு குழந்தைக்கும் விளங்கும் சொற்களில் எழுதத் தொடங்கினார். எழுதியதை உடனே கடைவீதிக்குக் கொண்டுவந்தாரா என்றால் அதுவும் இல்லை; சொந்தச் சுமையை ஊரார் முன்னே இறக்கி வைக்கக் கூசி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அப்பாட்டுகளை மூடி வைத்திருந்து, அதன் பிறகே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஓஷன் வே ஒலிப்பதிவுக் கூடத்தில், நைஜல் காட்ரிச்சைத் தயாரிப்பாளராகக் கொண்டு பதிவு செய்தார். அந்தக் கூச்சத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பன்னிரண்டு பாட்டுகளிலும் பெரும்பாலும் ஒரே மந்த கதி, ஒரே ஏக்கம். இது தன்னிரக்கம் அன்றி வேறென்ன என்று ஆக்ஷேபிப்போர் உண்டு. அந்த அபிப்பிராயத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தன்னிரக்கத்துக்கு எப்போதும் ஓர் எதிரி வேண்டும். ‘அவளால் கெட்டேன்’ என்று சொல்ல ஒருத்தி வேண்டும். இங்கே பிரிந்து போனவள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவே இல்லை. ‘லாஸ்ட் காஸ்’ என்ற பாட்டு ஒன்றுதான் அவளைக் கடிந்துகொள்வதுபோல் தொடங்குகிறது. கேட்கக் கேட்க, அதுவும் சண்டையிட்டுக் களைத்துப் போனவனின் ஓய்ச்சல்தான் என்பது தெரிந்துவிடுகிறது. அவள் பெயரும் எங்கும் இல்லை. அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டலாகாது என்று விதித்த தமிழ் இலக்கண மரபில் வந்தவர்களுக்கு இந்த மறைப்பின் கௌரவத்தை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவள் யார் என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்தாம் பாட்டைக் கேளாதவர்கள்.

நான்காவதாக வரும் ‘லோன்ஸம் டியர்ஸ்’ பாட்டை மட்டும் ஓர் இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பெக் தம் வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், அழுகையை அடக்கிக்கொண்டவர்போலப் பாடிச் செல்கிறார். சொற்கள் தீர்ந்துபோன இடத்தில் தந்தையின் வயலின்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, படிப்படியாக, நிற்காமல், இறங்குவதற்கு வழியே வைத்துக்கொள்ளாமல், மேலே மேலே ஏறிக்கொண்டே போகின்றன. மகன் வாய்விட்டு அழ மறுத்த அழுகையைத் தந்தை அழுகிறார் என்றே எனக்குத் தோன்றும். அந்த ஏற்றம் ஓய்ந்து அறை நிசப்தமானதும், மெல்ல விரலால் மீட்டும் கிதார் ஒலியோடு ‘லாஸ்ட் காஸ்’ தொடங்குகிறது.