தோரியத்தின் கூட்டுக் குடித்தனம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதனுள் இருப்பது தோரியம். அதன் அணுக்கருவில் 90 புரோட்டான்களும் 142 நியூட்ரான்களும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. புரோட்டான்களின் பரஸ்பர விரோதம் கரு முழுவதும் எட்டுகிறது. பிணைக்கும் சக்தியோ அண்டை அயலை மட்டுமே பற்றுகிறது. இத்தனை பெரிய குடும்பம் நிலைக்குமா? இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒரு கட்டாகப் பிரிந்து போகின்றன. சுவரை ஏறிக் குதிக்கப் பலமின்றியே அவை ஊடுருவி வெளிப்படும் விந்தையை 1928-ல் விஞ்ஞானி காமாவ் விளக்கினார்.

இன்ன அணு இன்ன நாளில் உடையும் என்று எந்த ஜோசியராலும் கூற இயலாது. தோரியத்தில் பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி வருஷம் ஆகும் என்பதே நமக்குத் தெரியும். அதன் சந்ததியில் தோன்றும் தோரான் வாயு பாதியாய்க் குறைய 56 விநாடி போதும்! மூச்சோடு உட்புகுந்தால் அது சுவாசப்பைக்கு ஆகாது. அம்மணலைத் தரையில் கொட்டிய வீட்டில் ஜன்னலைச் சாத்திவைக்க நாம் யோசனை கூறமாட்டோம்.