ட்ரிப் சுவிட்ச் விழுவது நமக்குச் சொல்வது



மழை தொடங்கினால் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. உடனே தெரிந்த பையனைக் கூப்பிட்டு, அதைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்துவிடுகிறோம். வீடுகளுக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். அது விழுகிறதென்றால் எங்கோ கரண்ட் கசிகிறது: கூரை ஒழுகி நனைந்த வயராக இருக்கலாம், பழைய கேத்தலாகவும் இருக்கலாம். லயத்துக்கோ கூரை ஒன்றுதான். ஒரு காம்பராவில் பற்றினால் பக்கத்துக் காம்பராவின் அடையாள அட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் சேர்ந்தே எரியும்.

ஆள் பிடிக்கும்போது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்போம். நம் தோட்டத்துப் பையனிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வேலை முடிந்ததும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை நம் கண்முன்னே அழுத்திக் காட்டச் சொல்வோம். விழாவிட்டால் வேலை முடியவில்லை, காசும் இல்லை.

ஆனால் ஒழுகும் கூரையைத் திருத்தும் செலவை நம் நாட்சம்பளத்தில் போட முடியாது. அது நிர்வாகத்தின் பொறுப்பு. எந்தக் காம்பரா ஒழுகுகிறது, எந்தப் பிளக் சூடேறுகிறது என்று லயம் லயமாக எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்கள் பாடசாலை விட்டதும் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். எல்லாவற்றையும் சேர்த்துத் துரையிடம் கொடுத்து, கிடைத்ததற்குக் கையொப்பமும் வாங்குவோம்.