மின்சாரச் சிக்கனமும் குடிக்கூலி வீடுகளும்

மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசிப்பது சர்க்காருக்கு வழக்கமாகிவிட்டது. உபதேசத்தில் பிழையில்லை. ஆனால் அதை அனுசரிக்கும் சக்தி யாருக்கு இருக்கிறது, லாபம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் ஒருவரும் பேசக் காணோம்.

அனகாபுத்தூரை எடுத்துக்கொள்வோம். அடையாற்றங்கரையிலுள்ள இவ்வூர் கைத்தறிக்குப் பேர் பெற்றது. நைஜீரியா தேசத்தார் ஒரு காலத்தில் ஆவலுடன் வாங்கிய மதராஸ் கைக்குட்டைகளை நெய்த ஊர்; பின்னாளில் வாழைநாரிலும் சேலை நெய்து கீர்த்தி பெற்றது. கையாலும் காலாலும் இயங்கும் தறி மின்சாரம் கேட்பதில்லை. நெய்பவனுக்கு வேண்டியது ஒரு விளக்கும் ஒரு விசிறியுமே. கைத்தறியாளருக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாயிருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் சர்க்கார் 300 ஆக உயர்த்தியது நியாயமே. எனினும் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த இவ்வூரில் தறிகள் அருகி, குடிக்கூலி வீடுகள் பெருகிவிட்டன. நமது கேள்வி அவ்வீடுகளைப் பற்றியது.

சென்னை வெயிலில் விசிறி ஆடம்பரமன்று. பழைய மாதிரி விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் தின்கிறது, பி.எல்.டி.சி. என்னும் புது மாதிரிக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் முன்னதற்கு 54 யூனிட், பின்னதற்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. மூன்று விசிறியுள்ள வீட்டில் ஏறக்குறைய 97 யூனிட் மிச்சம்! 60 வாட் குண்டு பல்பு எங்கேனும் மிஞ்சியிருந்தால் அவ்விடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டுவது இதனினும் எளிது. குளிர்ச்சி யந்திரம் வைத்திருக்கும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை: 24 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம், ஒரு பாகை உயர்த்தினாலே நூற்றுக்கு ஆறு பங்கு செலவு குறையுமென்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் குடிக்கூலி வீட்டில் விசிறி வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர். அதற்கு மின்கட்டணம் கொடுப்பவன் குடியிருப்பவன். மலிவான விசிறியை மாட்டுவதால் அவருக்கு நஷ்டமென்ன? அதற்கும் மேலாக, உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வசூலிப்போர் புறநகரெங்கும் உளர். 2016-ல் சர்க்கார் அளித்த 100 யூனிட் இலவசம் அங்கே குடியிருப்பவனை எட்டுவதில்லை. பல குடித்தனங்கள் ஒரே இணைப்பில் தொங்கும்போது 500 யூனிட் வெகு சீக்கிரம் கடந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் கட்டண விதிப்படி, அவ்வெல்லையைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டின் விலையும் 2.25 ரூபாயிலிருந்து 4.50 ரூபாயாக ஏறிற்று. ஒருவன் விளக்கணைத்துச் சேமித்தது அடுத்த அறையின் செலவில் கரைந்துபோகிறது.

இது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரனுக்குமுள்ள வழக்கென்று தேசத்தொண்டர்கள் ஒதுங்கலாகாது. ஒரிஸ்ஸாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவளவு கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தைத் தூர்த்து, மீனவரின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. அனகாபுத்தூரில் வீணாய்ச் சுழலும் விசிறிக்கு எண்ணூர்க்காரர் விலை கொடுக்கிறார்கள்.

ஆதலால் குடித்தனத்துக்கு ஒரு மீட்டரென்று மின்சார இலாகா தாமதமின்றித் தனி இணைப்பு கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சர்க்கார் விகிதத்துக்கு மேல் ஒரு காசும் வாங்கலாகாது. விசிறிகளுக்கு 2023 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டது. அடுத்த முறை வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கட்டும். வார்டுதோறும் நம் அன்பர்கள் இதை வீட்டுக்காரர்களிடம் நேரில் சென்று கேட்க வேண்டும்; கோடை வருமுன் கேட்பது உசிதம்.