தோட்டக் கணக்கை எங்கே வைப்பது?

தோட்டத்திலே ஒருவர் ஒரு நாள் உழைத்தார் என்பதற்குச் சாட்சி செக்றோல். முழுப் பேரா, அரைப் பேரா, எத்தனை கிலோ கொழுந்து, முற்பணம் எவ்வளவு என்பன யாவும் அதில் ஏறும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் பிடிக்கும் நூற்றுக்கு 8 பங்கும், தோட்டம் செலுத்தவேண்டிய 12 பங்கும் அதைக்கொண்டே கணிக்கப்படுகின்றன. அக்கணக்கைக் கந்தோர் அலுமாரியில் வைப்பதா, கந்தோர்க் கணினியில் வைப்பதா, அன்றி ‘மேகக் கணிமை’க்கு ஒப்படைப்பதா? சப்பிரகமுவையில் ஒரு தோட்டக் கந்தோரிலே பணியாற்றும் நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் இவ்வினாவை எழுப்பினார்.

மாணவ அன்பர்கள் பெயரைக் கண்டு மயங்கவேண்டா. இம்மேகம் வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், குளிரூட்டிய கட்டிடங்களில் அடுக்கப்பட்டுள்ள பிறருடைய கணினிகளே அவை. நம் கணக்கு இணையத்தின் வழியே அங்கே போய்த் தங்கும். நாம் மாதந்தோறும் வாடகை செலுத்துவோம்.

நம் பகுதிக்கு இது பொருந்தாத ஏற்பாடு என்று தள்ளிவிட இயலாது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. 2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே சரிந்து ஊர்களைப் புதைத்தது. இத்தகைய மண்ணிலே அலுமாரியும் கணினியும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒருங்கே அழியும். தோட்டத்தின் தேயிலை ஏலத்துக்குமுன் கொழும்புக் களஞ்சியசாலையில் பிறர் பொறுப்பில் கிடப்பது துரைமாருக்குப் புதிதன்று. ஆனால் தேயிலை விற்றால் போயிற்று. கணக்கோ கேட்டபோதெல்லாம் திரும்பி வரவேண்டும்.

வாடகை விஷயத்தையும் கவனிக்கவேண்டும். அது பெரும்பாலும் டொலரில் பேசப்படுவது. 2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. தேயிலையை டொலருக்கு விற்கும் பெரிய கம்பனி அதைத் தாங்கலாம். சிறு தோட்டக்காரரின் கொழுந்தை வாங்கி அரைக்கும் சிறிய தொழிற்சாலை திணறும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றதையும் மறத்தலாகாது. இணையம் அறுந்தாலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலே அன்றைய நிறை பதிவாகி, பின்னர் மேலே போய்ச் சேரும் ஏற்பாடு வேண்டும். கொழுந்து காத்திராது.

இவற்றினும் பெரிய அபாயம் வேறொன்று. 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமை அமைப்பைக் கப்பம் கோரும் நச்சு நிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளவில்லை. மூலத்தோடு சேர்த்து, இணைப்பிலேயே இருந்த பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை. மென்பொருளும் பழையது.

இதற்கு மாறான செய்தி அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. யூனிசூப்பர் என்பது ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவரின் ஓய்வூதியப் பணத்தைக் காக்கும் நிதியம். 2024 மே மாதத்தில் அதன் கணக்கு முழுவதும் கூகிள் நிறுவனத்தாரின் மேகத்திலிருந்து தவறுதலாக அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் ஒரே நிறுவனத்தாருடையவையாதலால் ஒருங்கே போயின. வேறொரு நிறுவனத்தாரிடம் பிரதி இருந்தமையால் அங்கத்தவர் பிழைத்தனர். கூகிளே தவறும்போது, சிறு முகவர் ஒருவரின் வாய்மொழியை மட்டும் நம்பலாமா?

தோட்டக் கணக்குக்கு இன்னுமொரு தனித்தன்மை உண்டு. கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின; 1992 இல் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. 1970 அளவில் பெயர் பதிந்த பெண் ஒருவர், கூடையைத் தோளிலிருந்து இறக்காமலே மூன்று நிருவாகங்களைக் கண்டிருப்பார். ஐம்பது வயதில் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போது, பெயரில் ஓரெழுத்துப் பிசகினாலும் அலைச்சல். கணக்கே இல்லையெனில் யாரிடம் முறையிடுவார்? ஆகவே உடன்படிக்கை எழுதுமுன், வாடகை நின்றாலும் கம்பனி கைமாறினாலும் முழுக் கணக்கையும் வேறு எவரும் வாசிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தருவார்களா என்று கேட்கவேண்டும். மழுப்பலான விடை வந்தால் அவ்விடத்தை விட்டு எழுந்துவிடலாம்.

போகலாம் என்பதே நம் கருத்து. ஆனால் மாதந்தோறும் ஒரு பிரதியை வட்டில் எடுத்து, இணைப்பிலிருந்து கழற்றி, வெள்ளம் ஏறாத வேறோரிடத்தில் பூட்டி வைக்கவேண்டும். வைத்தால் மட்டும் போதாது. இடையிடையே அதைத் திறந்து, செக்றோலில் உள்ள ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி, ஐந்து வருஷத்துக்கு முந்திய ஒரு மாதத்தில் அவருக்கு எத்தனை பேர் விழுந்தது என்று கிளாக்கரைக் கேட்கவேண்டும். விடை வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.